ரெண்டு தடவை போட்ட தரை

பெசன்ட் நகரிலிருந்து யாராவது எங்க வீட்டுக்கு வந்தால், திண்ணையில் உட்கார்ந்து மோர் குடிச்சு முடிச்சதும் கேட்கிற முதல் கேள்வி ஒண்ணுதான். "இதைச் சரிபண்ண மொத்தம் எவ்ளோ ஆச்சு?" நான் வாயைத் திறந்து பதில் சொல்றதில்ல. நீல அட்டை போட்ட கணக்கு நோட்டை எடுத்துக் கையில் கொடுத்துடுவேன். மேஸ்திரி கூலி, சுண்ணாம்பு, ஓடு, கடுக்காய், வண்டி வாடகை எல்லாம் தேதிவாரியா அதில் இருக்கு. இருபத்தாறு வருஷம் வங்கியில் குப்பை கொட்டினவள் நான். அன்னன்னிக்குக் கணக்கு எழுதலைன்னா தூக்கம் வராது.

கவனமா புரட்டுறவங்க ஒரு பக்கத்தில் நிறுத்துவாங்க. "கொட்டகைத் தரைன்னு ரெண்டு தடவை எழுதியிருக்கே?" 2018 டிசம்பரில் 46,000 ரூபாய். 2019 நவம்பரில் 31,000 ரூபாய். தப்பா எழுதலை, ரெண்டு தடவை போட்டோம். அந்த ரெண்டு வரிக்கும் நடுவில் நடந்ததை நோட்டில் எழுத வழியில்ல. அதனால் இங்கே எழுதறேன். பழைய வீடு ஒண்ணு வாங்கி, மாடு ஆடு கோழியோட இருக்கணும்னு ஆசைப்படறவங்க இதைப் படிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். நான் பண்ணின தப்பை நீங்க பண்ண வேண்டாம்.

பெசன்ட் நகரில் எங்களுடையது வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு, ரெண்டாவது மாடி. 1978ல மாமனார் அங்கே குடி வந்தார். அஷ்டலட்சுமி கோயில் கும்பாபிஷேகம் ஆகி ரெண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காதுன்னு அத்தை சொல்வாங்க. ஊரூர் பக்கத்திலிருந்து ஒருத்தர் மாட்டையே ஓட்டிக்கிட்டு வந்து, வாசலில் கட்டி, கண்ணெதிரே கறந்து கொடுப்பாராம். இன்னிக்கு எலியட்ஸ் கடற்கரையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் சுத்துறவங்களுக்கு இது கதை மாதிரி இருக்கும். நாலு தெரு தள்ளி ஊரூர் ஆல்காட் குப்பம் இன்னும் இருக்கு. நகர் வந்ததுக்கு முன்னாடியே இருந்த ஊர் அது.

எங்க வீட்டில் ரெண்டு பூனை, ஒரு நாய். நாயை ஷ்மிட் நினைவு மண்டபத்துப் பக்கம் ஒரு சுண்டல் வண்டிக்கு அடியில் குட்டியா கண்டெடுத்தாள் என் பொண்ணு. பேரும் சுண்டல்தான். இதுக்கே மாடிப் படியில் நாய் முடி கிடக்குதுன்னு பக்கத்து வீடுகளில் முணுமுணுப்பு. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயலில் எங்க ஜன்னலுக்கு நிழல் கொடுத்த தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ஞ்சது. அடுத்த மாசமே மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். பொண்ணு அப்போ ஒன்பதாவது. நாட்டு மாட்டைப் பத்திப் பேசாத வீடே அந்த வருஷம் சென்னையில் கிடையாது. எனக்கும் ரொம்ப நாளா உள்ளே ஓடிக்கிட்டிருந்த ஆசை அப்போதான் வாய்க்கு வந்தது. "ஒரு பழைய வீடு, கொஞ்சம் நிலம், ரெண்டு மாடு. வாங்கலாமா?"

அவர் சரின்னார். பொண்ணு குதிச்சாள். அத்தை மட்டும் பேசலை. ராத்திரி பாத்திரம் கவிழ்க்கும்போது மெதுவா சொன்னாங்க, "நான் சாணிக் கூடையை இறக்கி வெச்சிட்டு மெட்ராஸுக்கு வந்தவ. திரும்பவும் அதை என் தலையில ஏத்தப் போறீங்களா?"

அத்தைக்குப் பிறந்த ஊர் வந்தவாசிப் பக்கம். 1970ல கல்யாணமாகி வர்ற வரைக்கும் மாட்டு வேலை முழுக்க அவங்க தலையில்தான். அது எனக்குத் தெரியும். ஆனா அதை ஒரு படிப்பா நான் நினைச்சதில்ல, அவங்க பட்ட கஷ்டமாத்தான் நினைச்சேன். "உங்களை ஒரு வேலையும் செய்ய விடமாட்டேன் அத்தை"ன்னு சத்தியம் பண்ணினேன். பெரிய மனசோட பேசினதா எனக்கு நினைப்பு.

இடம் தேடினது பல மாசம். கிழக்குக் கடற்கரைச் சாலை நம்ம கைக்கு எட்டாது. திண்டிவனம் வழியில் பண்ணை வீட்டு மனைன்னு போர்டு வெச்ச இடங்களைப் பார்த்தோம். நாலு மாங்கன்னு, ஒரு நீல வாயில் வளைவு, தண்ணி இல்ல. கடைசியில் மதுராந்தகத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் இந்த வீடு கிடைச்சது. ஊர் முடியிற இடத்தில் ஓட்டு வீடு, ஒட்டினாற்போல் முப்பதடி நீள மாட்டுக் கொட்டகை, பின்னாடி 1 ஏக்கர் 80 சென்ட் புஞ்சை, ஒரு கிணறு. பெசன்ட் நகரிலிருந்து காரில் ரெண்டரை மணி நேரம்.

பத்திர விஷயத்தில் மட்டும் நான் ஏமாறலை. நிலத்துக்குப் பட்டா செத்துப்போன தாத்தா பேரில் இருந்தது. வீடு நிக்கிறது கிராம நத்தம், நிலம் புஞ்சை. ரெண்டுக்கும் தனித்தனி ஆவணம். முப்பது வருஷ வில்லங்கச் சான்று, அ-பதிவேடு, புல வரைபடம் எல்லாம் எடுத்துக்கிட்டு, சர்வேயரை வைத்து அளந்தோம். அண்ணன் தம்பி மூணு பேர் கையெழுத்துப் போடத் தயாரா இருந்தாங்க. "பொண்ணுங்க கையெழுத்து எதுக்கு மேடம், கட்டிக் கொடுத்தாச்சே"ன்னு தரகர் கேட்டார். தமிழ்நாட்டில் 1989லயே பெண்களுக்கும் பரம்பரைச் சொத்தில் சம பங்குன்னு சட்டம் திருத்தியாச்சு. ரெண்டு அக்காமாரும் வந்து கையெழுத்துப் போட்டால்தான் வாங்குவேன்னு உறுதியா இருந்தேன். வந்தாங்க, அவங்க பங்கையும் வாங்கிக்கிட்டாங்க. 2018 தை மாசம் பதிவு. அப்போ முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, மொத்தம் 11 சதவீதம். 2023லதான் பதிவுக் கட்டணத்தை 2 ஆக்கினாங்க.

பதிவு முடிஞ்சு வெளியே வந்தப்போ மூத்தவர் தயங்கித் தயங்கி ஒண்ணு கேட்டார். "கொட்டாயில ஒரு கெழ மாடு இருக்குதும்மா. எங்கப்பா ஓட்டின உழவு மாட்டுல மிச்சம். அடிமாட்டுக்கு அனுப்ப மனசு வரல. அங்கயே இருக்கட்டுமா?" அப்படித்தான் மயிலை எங்களுக்கு வந்தது. பத்திரத்தில் எழுதாத, விலை போடாத ஒரே சொத்து.

வீட்டைச் சரிபண்றதுக்கு முன்னாடி நான் நல்லா படிச்சுக்கிட்டேன். முட்டுக்காட்டில் 1996ல திறந்த தட்சிணசித்ராவுக்கு மூணு தடவை போனேன். இடிபட வேண்டிய பழைய வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து அங்கே திரும்ப நிறுத்தியிருக்காங்க. செட்டிநாட்டு வீடு, தஞ்சாவூர் விவசாயி வீடுன்னு ஒவ்வொண்ணா நின்னு பார்த்தேன். உத்தரம் எப்படி உட்காருது, மழைத்தண்ணி முற்றத்திலிருந்து எப்படி வெளியே போகுது, திண்ணை என்ன உயரம்னு நோட்டில் வரைஞ்சுக்கிட்டேன்.

எங்க வீட்டுக்கு ஒன்றரை அடி கனத்தில் மண் சுவர். யாரோ இடையில் சிமெண்ட் பூசியிருந்தாங்க. அது பாளம் பாளமா உப்பி நின்னது. மண் சுவரில் ஏறுற ஈரம் வெளியே போகணும். சிமெண்ட் அதை உள்ளே அடைச்சுடும், சுவர் உள்ளுக்குள்ளேயே கரையும். அதனால் பூச்சு எல்லாம் உரிச்சிட்டு சுண்ணாம்புக்கு மாறினோம். நீத்த சுண்ணாம்பை ஊற வெச்சு, கடுக்காயும் வெல்லமும் போட்டுப் புளிக்க வெச்ச தண்ணியை ஊத்தி, மணலோட அரைச்சுப் பூசறது. வேலை தெரிஞ்ச மேஸ்திரிக்கு வயசு அறுபதைத் தாண்டியிருந்தது. கூரைக்குப் பனங்கை. வைரம் பாய்ஞ்ச கட்டை, எண்பது வருஷத்துக்கு அப்புறமும் ஆணி இறங்கலை. செல்லரிச்ச ஏழெட்டை மட்டும் மாத்தி, நாட்டு ஓட்டை இறக்கி, தட்டி, நல்லதைப் பொறுக்கித் திரும்ப ஏத்தினோம். குரங்கு உடைக்கிறதுக்குன்னே தனியா முந்நூறு ஓடு வாங்கி அடுக்கி வெச்சிருக்கோம்.

வீடு அழகா வந்தது. வர்றவங்க எல்லாரும் போட்டோ எடுத்தாங்க. எனக்குத் தலைகால் புரியலை. அந்த மிதப்பில்தான் கொட்டகைக்கு வந்தேன்.

கொட்டகை பார்க்க அசிங்கமா இருந்தது, உண்மையைச் சொல்லணும்னா. தரையில் கல்லும் சரளையும் மாறி மாறிக் கிடந்தது. குளம்பு பட்டுப் பட்டு மழுங்கின கல்லு, நடுவில் மண், சந்தில் சாணி. ஒரு பக்கமா சரிஞ்சு போய் ஒரு கல் வாய்க்காலில் முடிஞ்சது. வாய்க்கால் வெளியே எருக்குழிக்குப் போனது. நான் பார்த்தது அழுக்கை மட்டும்தான். "பினாயில் ஊத்திக் கழுவுற மாதிரி வேணும்"னு சொன்னேன். எங்க பெசன்ட் நகர் பாத்ரூம் மாதிரின்னு சொல்லலை, ஆனா மனசில் இருந்த படம் அதுதான்.

கல் எல்லாம் பேர்த்து எடுத்தாச்சு. கேட்டுக்கு முன்னாடி பள்ளத்தில் கொட்டினோம். ஜல்லி போட்டுக் கான்கிரீட். இது வேற மேஸ்திரி, சின்ன வயசு. "மேடம், பால் ஊத்தி இழைச்சு வழவழன்னு முடிச்சிடலாமா?"ன்னு கேட்டார். முடிச்சிடுங்கன்னேன்.

அத்தை அன்னிக்கு வந்திருந்தாங்க. கதவு நிலையில் சாய்ஞ்சு நின்னு பார்த்துட்டு, "ஏம்மா, மாட்டுக்கு வழுக்காதா?"ன்னாங்க.

"ரப்பர் மேட் வாங்கிப் போடப் போறேன் அத்தை."

அவங்க மேலே ஒண்ணும் சொல்லலை. உள்ளே போயிட்டாங்க.

தரை காய்ஞ்சதும் மயிலையை ஓட்டிக்கிட்டு வந்தோம். கிழக் காளை, அந்தக் கொட்டகையிலேயே பிறந்து வளர்ந்தது. வாசலில் வந்து நின்னது. தலையைத் தாழ்த்தித் தரையை மோந்து பார்த்தது. ஒரு காலை வெச்சு எடுத்துடுச்சு. பின்னாலிருந்து தள்ளினோம், முன்னாலிருந்து தவிட்டைக் காட்டினோம். மூணு நாள் ஆகியும் உள்ளே வரலை. பூவரச மரத்தடியிலேயே படுத்துக்கிச்சு. "புது வீடு புடிக்கல போல, பழைய ஆளு"ன்னு எல்லாரும் சிரிச்சோம். நான் வீடியோகூட எடுத்தேன்.

2019 ஜனவரியில் ஒரு செவலைப் பசு வாங்கினோம். சந்தையில் வாங்கினது, சின்ன உருவம், மூணாவது ஈத்து. ஒரு வேளைக்கு ஒன்றரை லிட்டர் கறந்தாலே பெரிசு. அப்புறம் நாலு செம்மறி. எங்க செங்கல்பட்டுப் பக்கத்துக்கே உரிய சென்னைச் சிவப்பு இனம். கம்பளி இருக்காது, செம்மண் நிறத்தில் முடிதான். வெயிலுக்குத் தோதான ஆடு. அப்புறம் கோழி. சுண்டலுக்குக் கடற்கரை மறந்து போச்சு. ஆட்டுப் பின்னாடி சுத்த ஆரம்பிச்சுது. அவரும் பொண்ணும் பள்ளிக்கூடத்துக்காகப் பெசன்ட் நகரிலேயே இருந்தாங்க, சனி ஞாயிறு வருவாங்க. நானும் அத்தையும் இங்கே.

செவலை சினை பிடிச்சது. பசுவுக்குச் சினைக்காலம் ஒன்பது மாசம் பத்து நாள். கார்த்திகை கடைசியில் கன்னு போடும்னு காலண்டரில் வட்டம் போட்டு வெச்சேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் விடாமல் மழை. ரப்பர் மேட்டுக்கு அடியில் மூத்திரம் தேங்கி நாத்தம் அடிச்சது. ஒரு நாள் காலையில் மழை விட்ட நேரத்தில் மேட்டை எல்லாம் இழுத்து வெளியே போட்டு, தரையைக் கழுவினேன். காய்ஞ்சதும் திரும்பப் போடலாம்னு உள்ளே காபி போடப் போனேன். அஞ்சு நிமிஷம் இருக்கும். பின்பக்கம் தொப்புனு ஒரு சத்தம். அப்புறம் மாடு கத்துற சத்தம். அந்தக் கத்தலை நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்ல.

போய்ப் பார்த்தா செவலை பின்னங்கால் ரெண்டும் ரெண்டு பக்கமா அகண்டு, தவளை மாதிரி வயித்தில் விழுந்து கிடக்கு. எழுந்திருக்க உந்துது. ஒவ்வொரு தடவை உந்தும்போதும் குளம்பு வழுக்கி இன்னும் அகலுது. ஈரத் தரையில் நானும் விழுந்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் கத்தல் கேட்டு ஓடி வந்தார். பின்னாலேயே நாலு பேர். எட்டு மாசச் சினை, தூக்கவும் பயம், விடவும் பயம்.

அத்தைக்கு அப்போ அறுபத்தொன்பது வயசு. புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு வந்து நின்னாங்க. "யாரும் வாலைப் புடிச்சுத் தூக்காதீங்க. முதல்ல மணலைக் கொட்டுங்க, தரை தெரியக் கூடாது"ன்னாங்க. பூச்சு வேலைக்கு வாங்கின மணல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கொட்டினோம். ரெண்டு பின்னங்காலையும் சேலைத் துணியால், நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டச் சொன்னாங்க, திரும்ப அகலாமல் இருக்க. அதுக்கு மேல் வைக்கோலைக் கனமா பரப்பினோம். கால்நடை மருத்துவர் மத்தியானம் வந்தார். கட்டைப் பார்த்துட்டு, "யார் கட்டினது?"ன்னு கேட்டார். அத்தையைக் காட்டினேன். அவர் தலையாட்டிட்டு ஊசி போட்டார். எலும்பு முறியலை, தசையும் நரம்பும் அடி வாங்கியிருக்குன்னு சொன்னார். மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லைன்னா கீழே அழுந்துற பக்கம் செத்துடும்னார். கன்னைப் பத்திக் கேட்டேன். "பார்க்கலாம்மா"ன்னார்.

ரெண்டாவது நாள் விடியற்காலையில் கன்னு வந்தது. கிடேரி. செத்துத்தான் பிறந்தது. செவலை படுத்த இடத்திலிருந்து கழுத்தை நீட்டி அதை நக்கிக்கிட்டே இருந்தது. நாங்க எடுக்கப் போனப்போ அத்தை, "கொஞ்ச நேரம் விடு"ன்னாங்க. விட்டோம்.

அந்த ரெண்டு ராத்திரியும் அத்தை கொட்டகையில்தான். சாக்கை விரிச்சு உட்கார்ந்துக்கிட்டாங்க. மழைக்காலத்து இருட்டில் வேடந்தாங்கல் பக்கம் போற பறவைங்க சத்தம் மேலே கேட்டுக்கிட்டிருந்தது. எங்களுக்கு ரொம்பப் பக்கம் அது. அந்த ஊர்க்காரங்க பறவைக்காகத் தீபாவளி வெடியைக்கூட விட்டுக்கொடுத்தவங்கன்னு நாம் பெருமையா பேசறோம். ஆனா பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்னு அவங்களுக்கு ரெண்டு நூற்றாண்டுக்கு முன்னாடியே தெரியும். பிராணிக்கு இடம் விடறது அவங்களுக்குப் பிழைப்போட சேர்ந்தது. நான் மட்டும்தான் அதைப் படம் பிடிக்கிற விஷயமா வெச்சிருந்தேன்.

ரெண்டாம் ராத்திரி கேட்டேன். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே அத்தை. அன்னிக்கு ஏன் அழுத்திச் சொல்லலை?"

"சொன்னேனே. மேட் வாங்கறேன்னே."

கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே பேசினாங்க. பதினாலு வயசிலிருந்து ஆறு உருப்படிக்குச் சாணி அள்ளினது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, கூடையைத் தலையில் வெச்சு எருக்குழிக்கு நடக்கிறது. மழையில் சாணித்தண்ணி முகத்தில் வழியறது. அவங்க வீட்டுக் கொட்டகையிலும் சரளைத் தரைதான். குளம்பு கடிக்கத் தரை வேணும், மூத்திரம் ஓட வாட்டம் வேணும், மாடு படுக்க மெத்துனு இருக்கணும், இந்த மூணுக்காகத்தான் அப்படிப் போடறது. வருஷா வருஷம் தையில், மாட்டுப் பொங்கலுக்கு முன்னாடி, மேல்மண்ணைச் சுரண்டி வயலுக்குப் போட்டுட்டு, ஏரிக்கரையிலிருந்து புதுசா சரளை கொண்டு வந்து கொட்டுவாங்க. சுரண்டின மண்ணில் ஒரு வருஷ மூத்திரம் ஊறியிருக்கும். அதுவே பெரிய உரம். அழுக்குன்னு நான் பேர்த்து எறிஞ்ச தரை, ஒரு ஏற்பாடு.

"மாட்டு வேலை தெரியும்னு சொல்லிக்கிறதுல என்ன பெருமை இருக்கு"ன்னாங்க அத்தை. "அம்பது வருஷமா யாரும் என்னைக் கேட்டதில்ல. நானும் மறந்துட்டேன்னு நினைச்சேன்."

தட்சிணசித்ராவுக்கு மூணு தடவை போனேன். அறுபது வயசு சுண்ணாம்பு மேஸ்திரியை விசாரிச்சு விசாரிச்சுக் கண்டுபிடிச்சேன். என் வீட்டு அடுப்படியில் நின்ன ஒருத்தரை ஒரு வார்த்தை கேட்கலை. சத்தியம் பண்ணினேனே, உங்களை ஒரு வேலையும் செய்ய விடமாட்டேன்னு. வேலையோட சேர்த்து அவங்க சொல்லையும் நான் ஒதுக்கி வெச்சுட்டேன்னு அன்னிக்குத்தான் உறைச்சது.

மூணாவது நாள் சாயங்காலம் ஆறு பேர் சேர்ந்து, வயித்துக்கு அடியில் கோணியைக் கொடுத்துத் தூக்கினோம். செவலை நடுங்கிக்கிட்டே நின்னது. அஞ்சு நிமிஷம் நின்னுட்டுப் படுத்தது. மறுநாள் அரை மணி. ஒரு வாரத்தில் தானாவே எழுந்தது. இடது பின்னங்காலை இன்னிக்கும் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கும்.

அப்புறம்தான் அந்த 31,000 ரூபாய் வரி. வழவழப்பை உளி வெச்சுக் கொத்தி எடுத்தோம். கேட்டுக்கு முன்னாடி பள்ளத்தில் கொட்டின கல்லை எல்லாம் தோண்டி எடுத்துக் கழுவினோம். முன்னாடி பூசின அதே சின்ன மேஸ்திரிதான். "எடுத்ததைத் திரும்பப் போடறதுக்கு எங்கிட்ட ரேட்டே இல்லக்கா"ன்னார். மேடத்திலிருந்து அக்காவானது அப்போதான். அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கல்லையும் எந்தப் பக்கம் வைக்கணும்னு கைத்தடியால் காட்டினாங்க.

இப்போ எங்க கொட்டகை இப்படி. மாடு நிக்கிற பின்பாதியில் பழைய கல், சந்தில் சரளை. கல் இல்லாத நடைபாதையில் மட்டும் கான்கிரீட், அதிலும் ஈரமா இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தை வெச்சுக் கீறி வரி போட்டாச்சு. வாட்டம் நாற்பதுக்கு ஒண்ணு. அதாவது பன்னிரண்டு அடி அகலத்துக்கு மூணரை அங்குலம் இறக்கம். அதுக்கு மேல் சரிஞ்சாலும் மாட்டுக்குக் கால் வலிக்கும், குறைஞ்சால் தண்ணி தேங்கும். முன்பாதியில் மண், அதுக்கு மேல் வைக்கோல். ஒரு பெரிய மாட்டுக்குக் கூரைக்கு அடியில் 3.5 சதுர மீட்டர், திறந்த வெளியில் 7 சதுர மீட்டர் வேணும்னு கால்நடைத் துறைப் புத்தகங்கள் சொல்லுது. அத்தை காலால் அடி வெச்சு அளந்து காட்டின இடமும் ஏறக்குறைய அதே அளவுதான் வந்தது.

தரை முடிஞ்ச அன்னிக்குச் சாயங்காலம் மயிலையை அவிழ்த்து விட்டோம். யாரும் ஓட்டலை. வாசலில் நின்னு மோந்து பார்த்துட்டு, உள்ளே போய் மூலையில் தன் பழைய முளைக்குச்சி இருந்த இடத்தில் படுத்துக்கிச்சு. பத்து மாசம் கழிச்சு. இந்தத் தடவை யாரும் சிரிக்கலை. 2021 வரைக்கும் அங்கேயே இருந்து, அங்கேயே போய்ச் சேர்ந்தது. கிணத்து மேட்டில் புதைச்சு மேலே ஒரு புங்கங்கன்னு வெச்சிருக்கோம்.

செவலை அதுக்கப்புறம் ரெண்டு ஈத்து ஈன்றது. ரெண்டும் கிடேரி, ரெண்டும் கொட்டகையில்தான் இருக்கு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தப்போ அவரும் பொண்ணும் இங்கே வந்தாங்க. பொண்ணு சாணி அள்ளக் கத்துக்கிட்டது பாட்டிகிட்ட. இப்போ கால்நடை மருத்துவம் படிக்கிறாள். அவளுக்கு அந்தச் சேலைத் துணிக் கட்டு எப்படின்னு வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் முன்னாடியே தெரியும்.

வர்றவங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான். வீட்டை வாங்கின உடனே எதையும் இடிக்காதீங்க. ஒரு மழைக்காலம் அதில் இருந்து பாருங்க. எங்கே ஒழுகுது, எங்கே தேங்குது, காத்து எந்தப் பக்கம், எல்லாம் வீடே காட்டும். மாட்டை அதுக்கப்புறம் வாங்குங்க. அதுவரைக்கும் ஊரில் கொட்டகை வேலை செஞ்ச பொம்பளைங்க யாருன்னு விசாரிச்சு, ஒரு மத்தியானம் உட்கார்ந்து கேளுங்க. கொட்டகையைக் கட்டின ஆம்பளை பேரைத்தான் ஊரில் சொல்வாங்க. தரையைப் பத்தித் தெரிஞ்சவங்க அதைக் கூட்டினவங்கதான். மாட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா 1962க்குப் போன் பண்ணுங்க. கால்நடை ஆம்புலன்ஸ் வீட்டுக்கே வரும். எண்ணைக் கொட்டகைச் சுவரில் பெரிசா எழுதி வையுங்க.

அத்தைக்கு இப்போ எழுபத்தைந்து. பெசன்ட் நகர் வீட்டைப் பூட்டி வைக்கலை. மாசம் ஒரு தடவை கடல் காத்து வேணும்னு கேட்பாங்க. கூட்டிக்கிட்டுப் போவோம். மூணாவது நாளே, "அங்க சரளை கொட்ட ஆள் வந்தானா?"ன்னு கேட்க ஆரம்பிச்சிடுவாங்க. முன்ன மாதிரி ஏரியில் நினைச்சபடி மண் எடுக்க முடியாது, அனுமதி வேணும். அதனால் சரளையை விலைக்குத்தான் வாங்கறோம். நீல நோட்டில் வருஷா வருஷம் தை மாசத்துக்கு ஒரு வரி இருக்கும். கொட்டகைத் தரை, சரளை, ஒரு டிராக்டர். அந்த வரிக்கு எதிரில் கையெழுத்து மட்டும் என்னுடையது இல்ல. நடுங்கின எழுத்தில், சரியா இருக்குன்னு அத்தை போட்டது.